படகு அசைந்தால்தான் அயனி நகரும்: திண்ம பாலிமர் மின்பகுளிக்கு ஓர் எளிய அறிமுகம்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் இருக்கும் செல்போன் பழுதுபார்க்கும் கடையில், மேசைக்கு அடியில் எப்போதும் ஒரு பெயிண்ட் வாளி இருக்கும். அதில் பாதி அளவுக்கு மணல் கொட்டியிருப்பார்கள். உப்பிப்போன பேட்டரியைக் கழற்றியதும் கடைக்காரத் தம்பி அதை அந்த மணலுக்குள் புதைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைப் பார்ப்பார். ஒருநாள் அப்படிப் புதைப்பதற்கு முன் ஒரு பேட்டரியை என்னிடம் காட்டினார். வெள்ளி நிற உறை, தலையணைபோல உப்பியிருந்தது. அதன் மேல் ‘லித்தியம் பாலிமர்’ என்று அச்சிட்டிருந்தது. “பாலிமர்னா பிளாஸ்டிக்குதானே சார்? பிளாஸ்டிக் எப்படி சார் உப்பும்?” என்று கேட்டார்.

கேள்வி சரியானது, தவறு அந்தப் பெயரில்தான் இருக்கிறது. அந்த உறைக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம், அல்லது திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டிருக்கும் ஒரு பாலிமர் கூழ். சைனா கிராஸ் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு கட்டியாக நிற்பதைப்போல, அங்கே பாலிமர் திரவத்தைத் தாங்கி நிற்கிறதே தவிர, மின்கலத்தின் உண்மையான வேலையைத் திரவமே செய்கிறது. அந்தத் திரவம் சிதைந்து வாயுவாக மாறும்போது உறை உப்புகிறது. ஒரு சொட்டுத் திரவமும் இல்லாமல், பாலிமரே முழு வேலையையும் செய்யும் மின்பகுளி ஒன்று உண்டு. திண்ம பாலிமர் மின்பகுளி என்று அதைத்தான் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மின்பகுளியின் வேலை இன்னது என்பதை வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே புரிந்துகொள்ளலாம். அதில் இரண்டு வகைத் தகடுகளுக்கு நடுவே நீர் கலந்த கந்தக அமிலம் இருக்கிறது. மின்கலம் வேலை செய்யும்போது எலக்ட்ரான்கள் வெளியே உள்ள கம்பி வழியாக மின்விசிறிக்கும் விளக்குக்கும் போய்த் திரும்புகின்றன. அதற்கு ஈடாக, உள்ளே மின்னூட்டம் பெற்ற அணுக்களும் மூலக்கூறுகளும், அதாவது அயனிகள், அமிலத்தின் வழியாக நகர்கின்றன. அயனிகளை விட வேண்டும், எலக்ட்ரான்களை விடக் கூடாது: மின்பகுளியிடம் நாம் எதிர்பார்ப்பது இதுதான். எலக்ட்ரானும் உள்ளே குறுக்கு வழியில் போய்விட்டால் அதற்குப் பெயர் ஷார்ட் சர்க்யூட்.

லித்தியம் மின்கலத்தில் தண்ணீரைப் பயன்படுத்த முடியாது, ஏனென்றால் அதன் மின்னழுத்தத்தைத் தண்ணீர் தாங்காமல் பிரிந்துவிடும். லித்தியம் உலோகமோ தண்ணீரைத் தொட்டவுடன் வினைபுரியும். அதனால் சோனி நிறுவனம் 1991-இல் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து, கரிமக் கரைப்பான்களே இந்த இடத்தில் இருந்துவருகின்றன. இன்று பெரும்பாலும் எத்திலீன் கார்பனேட், டைமெத்தில் கார்பனேட் போன்றவற்றில் லித்தியம் ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் என்ற உப்பைக் கரைத்து, அந்தக் கரைசலைச் சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள துளைகள் நிறைந்த பிளாஸ்டிக் தாளில் ஊற வைக்கிறார்கள். தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கரைசல் அயனிகளை மிக நன்றாகக் கடத்துகிறது. ஆனால் இந்தக் கலவை பெயிண்ட் தின்னரைப்போல எளிதில் தீப்பிடிக்கக்கூடியது. தாள் எங்காவது கிழிந்து இரு பக்கத் தகடுகளும், அதாவது மின்வாய்களும், தொட்டுக்கொண்டால் சூடேறும், கரைப்பான் ஆவியாகும், ஆவி எரியும். கடைக்காரத் தம்பி மணல் வாளி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

இந்தத் திரவத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை மட்டும் வைக்க முடியுமா என்ற கேள்விக்கு முதல் விடை எதிர்பாராத ஒரு பொருளிலிருந்து வந்தது. பாலிஎத்திலீன் ஆக்சைடு என்பது இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன், மறுபடியும் இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் என்று ஆயிரக்கணக்கான முறை நீளும் சங்கிலி. இதே சங்கிலி குட்டையாக இருந்தால் பாலிஎத்திலீன் கிளைக்கால். மலச்சிக்கலுக்கு மருத்துவர் தண்ணீரில் கலக்கிக் குடிக்கச் சொல்லும் பொடி அதுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பீட்டர் ரைட்டும் அவருடன் பணியாற்றியவர்களும், சோடியம், பொட்டாசியம் போன்ற கார உலோகங்களின் உப்புகள் இந்தப் பாலிமருக்குள் சேர்ந்து இணைவதை 1973-இல் வெளியிட்டார்கள். அது அயனிகளைக் கடத்துவதையும் பின்னர் அளந்தார்கள். இதை மின்கலத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 1978-இல் முன்மொழிந்தவர் பிரான்சைச் சேர்ந்த மிஷேல் அர்மாண்ட். இந்தத் துறை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு திண்மத்துக்குள் உப்பு கரைவது எப்படி? தண்ணீரில் சோற்றுப்பு கரைவதற்கு என்ன காரணமோ அதேதான் இங்கும் காரணம். தண்ணீரிலுள்ள ஆக்சிஜன் தன்னிடம் மிகுதியாக உள்ள எலக்ட்ரான் இணைகளைக் கொண்டு நேர்மின் அயனியைத் தன் பக்கம் இழுத்துச் சூழ்ந்துகொள்கிறது. பாலிஎத்திலீன் ஆக்சைடு சங்கிலியிலும் ஆக்சிஜன்கள் இருக்கின்றன, அதுவும் சரியான இடைவெளியில். சங்கிலி வளைந்து நெளிந்து, சுமார் ஐந்து ஆக்சிஜன்களால் ஒரு லித்தியம் அயனியைச் சுற்றிக்கொள்கிறது. உப்பின் மறுபாதியான எதிர்மின் அயனி தனியே விடப்படுகிறது. உப்பு கரைந்துவிட்டது, திரவம் எதுவும் தேவைப்படவில்லை.

கரைந்தால் மட்டும் போதாது, லித்தியம் நகர வேண்டும். இந்தப் பொருளின் பெருமையும் சிறுமையும் இந்த நகர்வில்தான் இருக்கின்றன என்பதால் இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

காசிமேடு துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகள் ஒன்றையொட்டி ஒன்றாக நான்கைந்து வரிசை கட்டப்பட்டு நிற்கும். கடைசி வரிசையில் நிற்கும் படகிலிருந்து கரைக்கு வர வேண்டியவர் மற்ற படகுகளைத் தாண்டித்தான் வர வேண்டும். தலையில் கூடையுடன் அவர் படகின் விளிம்பில் ஒரு காலை ஊன்றி நிற்பார்; உடனே தாவமாட்டார். அலை எழும்பி அடுத்த படகு அசைந்து அருகில் வரும்வரை காத்திருப்பார். அது நெருங்கியதும் ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே. அடுத்த நொடி அந்தப் படகில் இருப்பார். அவர் நடந்தார் என்பதைவிட, படகுகளின் அசைவு அவரைக் கடத்திவிட்டது என்பதே பொருத்தம்.

பாலிமருக்குள் லித்தியம் அயனி நகர்வதும் இப்படித்தான். அதற்கென்று குழாயோ துளையோ கிடையாது. ஐந்து ஆக்சிஜன்களின் பிடியில் இருக்கும் அயனி, சங்கிலியின் அருகிலுள்ள துண்டு நெளிந்து ஓர் ஆக்சிஜனைப் பக்கத்தில் கொண்டுவரும்போது அதைப் பிடித்துக்கொண்டு பழைய ஒன்றை விடுகிறது. சில நேரம் ஒரே சங்கிலியின் நெடுகிலும், சில நேரம் ஒரு சங்கிலியிலிருந்து மற்றொன்றுக்கும் இப்படி மாறுகிறது. எனவே அயனியின் வேகத்தைத் தீர்மானிப்பது அயனி அல்ல. சங்கிலி எவ்வளவு விரைவாக நெளிகிறது என்பதே. சங்கிலி அசையாவிட்டால் அயனி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இங்கேதான் பாலிஎத்திலீன் ஆக்சைடு ஏமாற்றுகிறது. அறை வெப்பநிலையில் அதன் பெரும்பகுதி படிகமாக இருக்கிறது. சங்கிலிகள் ஒழுங்காகச் சுருண்டு, அடுக்கடுக்காக மடிந்து உறைந்திருக்கும் நிலை அது. படகுகளையெல்லாம் இரும்புச் சட்டங்களால் ஒன்றோடொன்று பற்றவைத்துவிட்டால் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், ஆனால் எந்தப் படகும் அசைந்து அருகே வராது. படிகங்களுக்கு இடையே ஒழுங்கற்றுக் கிடக்கும் பகுதியில்தான் அயனி நகர்கிறது என்பதை 1983-இல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒழுங்கு குறைந்த இடமே கடத்துகிறது என்பது அதுவரை பலரும் எண்ணியிருந்ததற்கு நேர்மாறாக இருந்தது.

இந்தப் படிகங்கள் சுமார் 65 டிகிரி செல்சியஸில் உருகுகின்றன. உருகிய பிறகும் சங்கிலிகள் மிக நீளமானவை என்பதால் அது தண்ணீர்போல ஓடிவிடாமல் ரப்பரைப்போல வடிவத்தைத் தக்கவைத்துக்கொள்கிறது. கடத்துதிறனோ சட்டென்று பல மடங்கு ஏறுகிறது. சென்னை வெயிலுக்கு இது தானாகவே உருகாதா என்று யாராவது கேட்கலாம். 2003 மே மாதத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரிகூட இதற்கு 20 டிகிரி குறைவு. அக்னி நட்சத்திரத்தை நம்பிப் பயனில்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். வழக்கமான திரவ மின்பகுளியின் கடத்துதிறன் சென்டிமீட்டருக்குச் சுமார் 0.01 சீமென்ஸ். பாலிஎத்திலீன் ஆக்சைடு மின்பகுளிக்கு அறை வெப்பநிலையில் 0.000001 என்ற அளவை எடுத்துக்கொள்வோம். உப்பையும் தயாரிப்பையும் பொறுத்து இது பத்து மடங்கு கூடலாம், குறையலாம். 20 மைக்ரான் என்பது 0.002 சென்டிமீட்டர். தடிமனைக் கடத்துதிறனால் வகுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்புக்கு மின்தடை 2,000 ஓம் என்று வருகிறது. அந்தப் பரப்பின் வழியாக ஒரு மில்லிஆம்பியர் மட்டும் செலுத்தினால், மின்பகுளியைக் கடக்கும்போதே 2 வோல்ட் இழந்துவிடுவோம். மின்கலத்தின் மொத்த மின்னழுத்தமே மூன்றரை வோல்ட் அளவில்தான் இருக்கும். பாதிக்கு மேல் வழியிலேயே தொலைந்தால் வண்டி ஓட எதுவும் மிஞ்சாது. அதே தாளை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கும்போது கடத்துதிறன் 0.0005 அளவுக்கு உயர்ந்தால், மின்தடை 4 ஓம் ஆகிறது, இழப்பு 0.004 வோல்ட் மட்டுமே. தாளும் தடிமனும் மாறவில்லை. சங்கிலிகள் நெளியத் தொடங்கியதுதான் வேறுபாடு.

ஆகவே இதைச் சூடாகவே வைத்துப் பயன்படுத்தலாமே என்று பிரெஞ்சுக்காரர்கள் முடிவுசெய்தார்கள். பாரிஸ் நகரில் 2011 டிசம்பரில் தொடங்கி 2018 வரை நடந்த ஆட்டோலிப் என்ற வாடகை மின்கார் திட்டத்தில், பொல்லோரே குழுமத்தின் புளூகார் வண்டிகள் இத்தகைய லித்தியம் உலோக பாலிமர் மின்கலத்தில்தான் ஓடின. மின்கலத்துக்குள் வெப்பமூட்டி உண்டு; வண்டி சும்மா நிற்கும்போதும் சார்ஜர் கம்பியில் மாட்டியே வைத்திருப்பார்கள். இதைக் கேட்டவுடன் பலர் சிரிக்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு கேலிக்குரியதாகத் தோன்றவில்லை. நாள் முழுக்க ஓடி இரவில் பணிமனையில் மின்சாரம் ஏற்றிக்கொள்ளும் நகரப் பேருந்துக்கு, மின்கலத்தைச் சூடாக வைப்பது ஒரு சிறு செலவு. ராயபுரம் ரயில் நிலைய வண்டி நிறுத்தத்தில் மூன்று நாள் விட்டுவிட்டுப் போகும் ஸ்கூட்டருக்குத்தான் அது ஒத்துவராது. ஊரிலிருந்து திரும்பி வரும்போது, சூடாக இருப்பதற்காகவே தன்னுடைய மின்சாரத்தை அது செலவழித்திருக்கும்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? தீப்பிடிக்கும் கரைப்பானைத் தவிர்ப்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் லித்தியம் உலோகம். இன்றைய மின்கலங்களின் எதிர்மின்வாயில் கிராஃபைட் இருக்கிறது. ஒரு கிராம் கிராஃபைட் 372 மில்லிஆம்பியர் மணி அளவுக்கு லித்தியத்தை ஏற்றுக்கொள்ளும். லித்தியம் உலோகத்தையே மின்வாயாக வைத்தால் அந்த எண் 3,860. பத்து மடங்குக்கும் மேல். ஆனால் திரவ மின்பகுளியில் லித்தியம் உலோகத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினால், அது சமமாகப் படியாமல் பாசிபோலவும் முள்போலவும் வளர்ந்து, தாளைத் துளைத்து எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிடுகிறது. ஒரு திண்மத் தாள் அந்த முள்ளை மறிக்கும் என்பது எதிர்பார்ப்பு.

எவ்வளவு கெட்டியான தாள் மறிக்கும் என்று மன்ரோ, நியூமன் ஆகிய இருவர் 2005-இல் கணக்கிட்டார்கள். மின்பகுளியின் நறுக்கு விறைப்பு, அதாவது பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு வளைந்துகொடுக்காத தன்மை, லித்தியத்தினுடையதைப்போல ஏறக்குறைய இருமடங்கு இருந்தால் முள் வளராது என்பது அவர்கள் பெற்ற விடை. பாலிஎத்திலீன் ஆக்சைடு அதற்கு அருகில்கூட வராது. சூட்டில் ரப்பராக இருக்கும்போது கேட்கவே வேண்டாம். இந்தத் துறையின் இழுபறி முழுவதும் இந்த ஒரு முரணுக்குள் அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்: அயனி நகரச் சங்கிலி இளக வேண்டும், முள்ளைத் தடுக்க அதே சங்கிலி இறுக வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. (மிகக் கெட்டியான பீங்கான் மின்பகுளிகளிலும் நுண்விரிசல்களின் வழியே லித்தியம் புகுந்துவிடுகிறது என்று பின்னர் தெரிந்ததால், விறைப்பு மட்டுமே தீர்வு என்ற நம்பிக்கை இப்போது அவ்வளவாக இல்லை.)

மின்னழுத்த வரம்பு இன்னொரு தடை. பாலிஎத்திலீன் ஆக்சைடு சுமார் 4 வோல்ட்டை நெருங்கும்போது ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதையத் தொடங்குகிறது. 3.4 வோல்ட்டில் இயங்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுடன் அது ஒத்துப்போகும், 4.2 வோல்ட் வரை ஏற்றப்படும் நிக்கல் வகை மின்வாய்களுடன் நெடுநாள் தாங்காது.

மூன்றாவது குறையைப் பற்றி அறிமுகக் கட்டுரைகள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் அது முக்கியமானது. மின்பகுளியில் நகர்வது லித்தியம் மட்டுமல்ல, எதிர்மின் அயனியும்தான். லித்தியம் ஐந்து ஆக்சிஜன்களின் பிடியில் இருக்கிறது. எதிர்மின் அயனியை யாரும் பிடித்துவைக்கவில்லை. அதனால் உருவத்தில் பெரியதாக இருந்தும் அதுவே எளிதாக நகர்கிறது. பாலிஎத்திலீன் ஆக்சைடில் செல்லும் மின்னோட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே லித்தியம் சுமக்கிறது. மீதியைச் சுமக்கும் எதிர்மின் அயனிகளுக்கு எந்த மின்வாயிலும் வேலை இல்லாததால், அவை ஒரு பக்கமாகப் போய்க் குவிகின்றன. மறுபக்கத்தில் உப்பு வறண்டுபோகிறது. விரைவாகச் சார்ஜ் ஏற்ற முயன்றால் இந்த வறட்சி கூடி, முள் வளர்வதற்கும் வழிசெய்கிறது. எதிர்மின் அயனியைச் சங்கிலியோடே பிணைத்துவிட்டால் லித்தியம் மட்டும் நகரும். அப்படிப்பட்ட பாலிமர்களைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பிணைத்த சங்கிலி பெரும்பாலும் இறுகிவிடுவதால், மொத்தக் கடத்துதிறன் மறுபடியும் இறங்கிவிடுகிறது.

மேலே சொன்ன முரணைத் தளர்த்தப் பல வழிகளில் முயன்றிருக்கிறார்கள். பெரிய எதிர்மின் அயனி கொண்ட உப்பைப் போட்டால் சங்கிலிகள் ஒழுங்காக அடுக்கிக்கொள்வது கெடும்; லிடிஎஃப்எஸ்ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் உப்பு அதனால்தான் ஆய்வகங்களில் எங்கும் காணப்படுகிறது. மிக நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடு அல்லது அலுமினாத் துகள்களைக் கலந்தால் படிகமாவது குறைந்து கடத்துதிறன் ஏறுவதை, ரோம் நகர ஆய்வாளர்கள் 1998-இல் காட்டினார்கள். இறுகிய துண்டையும் இளகிய துண்டையும் ஒரே சங்கிலியில் மாறி மாறி இணைப்பது இன்னொரு வழி: இறுகிய துண்டுகள் ஒன்றுசேர்ந்து தூண்களாக நிற்க, இளகிய துண்டுகள் இடையே அயனிக்கு வழிவிடுகின்றன. எனக்கு இந்த வழியில்தான் நம்பிக்கை கூடுதல், ஏனென்றால் இது ஒரே பொருளிடம் இரண்டு எதிரெதிர் குணங்களைக் கேட்காமல் வேலையைப் பிரித்துக்கொடுக்கிறது. எல்லாவற்றிலும் எளிய வழி, சங்கிலிகளை இளக்கச் சிறிது திரவத்தைச் சேர்ப்பது. கடத்துதிறன் உடனே ஆயிரம் மடங்குகூட ஏறும். ஆனால் அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கையில் கிடைப்பது கடைக்காரத் தம்பி மணலில் புதைத்த அதே கூழ்தான்.

இந்தத் தாளைச் செய்யும் முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. பாலிஎத்திலீன் ஆக்சைடு வெள்ளைப் பொடியாக வரும். அதையும் லித்தியம் உப்பையும், லித்தியம் ஒன்றுக்கு ஆக்சிஜன் 10 முதல் 20 என்ற கணக்கில் எடைபோட்டு, அசிட்டோநைட்ரைலில் போட்டு மணிக்கணக்கில் கலக்கினால், கஞ்சித் தண்ணீர்போலக் கெட்டியான கரைசல் கிடைக்கும். அதை டெஃப்லான் தட்டில் ஊற்றிக் கரைப்பானை ஆவியாக்கிவிட்டால், ஆறிய பாலின் மேல் படியும் ஆடைபோலப் பாதி ஒளி புகும் தாள் ஒன்று உரிந்துவரும். விரலில் இலேசாக ஒட்டும். ஆனால் கடற்கரை ஊரில் இதை மேசைமேல் வைத்துச் செய்தால் தோல்விதான். உப்பும் பாலிமரும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். திருவொற்றியூரில் மழைக்கால மாலையில் திறந்து வைத்த அப்பளம் எப்படியோ அப்படி. உண்மையான வேலை, ஆர்கான் வாயு நிரப்பிய, பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஈரம் இல்லாத கையுறைப் பெட்டிக்குள் நடக்க வேண்டும். ஈரமோ, போகாமல் தங்கிவிட்ட கரைப்பானோ இருந்தால் அதுவும் சங்கிலிகளை இளக்கிவிடும்; கடத்துதிறன் அளவீடும் அழகாக ஏறித் தெரியும். அதனால் அறை வெப்பநிலையிலேயே மிக நல்ல எண் கிடைத்தது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னால், தாளை எத்தனை நாள், எந்த வெப்பநிலையில் உலர்த்தினார்கள் என்பதை முதலில் தேடிப் படிப்பது என் வழக்கம்.

தீயைப் பற்றியும் ஒரு சொல். திரவம் இல்லை என்பதால் இந்த மின்கலம் எரியவே எரியாது என்று விளம்பரங்கள் சொல்வதுண்டு. கரைப்பான் ஆவி இல்லாததால் ஆபத்து குறையலாம். ஆனால் பாலிஎத்திலீன் ஆக்சைடும் கார்பனும் ஹைட்ரஜனும் கொண்ட கரிமப் பொருள்தான், அதுவும் எரியும். லித்தியம் உலோகம் 180 டிகிரியில் உருகி ஓடும். 2022 ஏப்ரலில் பாரிஸ் நகரில், திண்ம பாலிமர் மின்கலம் பொருத்திய இரண்டு பேருந்துகள் ஒரே மாதத்துக்குள் எரிந்தன. அதே வகையைச் சேர்ந்த 149 பேருந்துகளையும் ஓட்டத்திலிருந்து தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள்.